திருவுளச் சீட்டும் மனச்சாட்சியும்

'திருவுளச் சீட்டு' என்றொரு தொடர் நம் மொழியில் நெடுநாளாக வழங்கி வருகிறது. இரு வழிகளுள் எதில் செல்வது என்று தெளியாமல் மயங்கும் ஒருவன், அவ்விரண்டையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிச் சுருட்டித் தெய்வத்தின் திருமுன் இடுகிறான். ஒன்றுமறியாத குழந்தையைக் கொண்டு ஒரு சீட்டை எடுப்பிக்கிறான். அதில் கண்டதையே தெய்வத்தின் திருவுளமாகக் கொண்டு நடக்கிறான். அறிவு எட்டாத இடத்தில் ஆண்டவனைக் கேட்கும் இந்த ஆசை எல்லா நாட்டாருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. கிறிஸ்தவ சமயத்தின் வரலாற்றில் இவ்வாசை எவ்வெவ் வடிவங்களை எடுத்தது, அதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பதைச் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே என் நோக்கம். மேற்படிப்பு எது, தொழில் எது, வாழ்க்கைத் துணை யார் என்ற கேள்விகளின் வாயிலில் நிற்கும் மாணவர்களுக்கு, அவர்கள் எச்சமயத்தினராயினும், இவ்வாராய்ச்சி பயன்படும் என்று நம்புகிறேன்.

கிறிஸ்தவர்களின் திருமறையிலேயே இதற்கு இரண்டு முறைகள் காணப்படுகின்றன. அப்போஸ்தலருடைய நடபடிகள் என்னும் நூலின் முதல் அதிகாரத்தில், யூதாஸ் இழந்த இடத்திற்கு வேறொருவரைத் தேர வேண்டிய நிலை வருகிறது. தகுதியுடைய இருவரை நிறுத்தி, பிரார்த்தனை செய்து, சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. அதே நூலின் 15ஆம் அதிகாரத்தில் அதனினும் பெரிய கேள்வி எழுகிறது. யூதரல்லாதார் திருச்சபையில் சேரும்போது யூதருடைய சடங்குகளையெல்லாம் ஏற்க வேண்டுமா என்பது அக்கேள்வி. இம்முறை ஒருவரும் சீட்டை நாடவில்லை. எருசலேமில் கூடுகிறார்கள், வாதாடுகிறார்கள், களத்தில் பணி செய்து வந்தவர்கள் தாம் கண்டதைச் சொல்லக் கேட்கிறார்கள், பழைய வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதன் பின்னரே, தூய ஆவிக்கும் தங்களுக்கும் நலமாகத் தோன்றிய முடிவு இது என்று கடிதம் எழுதி அனுப்புகிறார்கள். சீட்டு ஒரு முறை; கூடி ஆராய்வது மற்றொரு முறை. இவ்விரண்டும் பின்வந்த நூற்றாண்டுகளில் எவ்வாறு தொடர்ந்தன என்பதை இனிப் பார்ப்போம்.

ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில், ஸின்ஸென்டார்ப் என்னும் பிரபுவுக்குரிய நிலத்தில், 1722ஆம் ஆண்டு ஒரு சிற்றூர் எழுந்தது. தங்கள் சமயக் கொள்கைக்காக மொரேவியா நாட்டில் துன்புற்று வெளியேறிய ஏழை மக்கள் அங்கே குடியேறினார்கள். கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சர் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முதல் மரத்தை வெட்டி வீழ்த்தினார். ஊருக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வைத்தார்கள். ஆண்டவரின் காவல் என்பது அதன் பொருள். இவ்வூராரே மொரேவியச் சகோதரர்கள் என்று பெயர் பெற்றனர்.

இச்சகோதரர்கள் தங்கள் பொதுவாழ்வின் முக்கியமான முடிவுகளைத் திருவுளச் சீட்டுக்கு விட்டார்கள். அவர்களுடைய முறையில் பெரும்பாலும் மூன்று சீட்டுகள் இருந்தன. ஒன்று 'ஆம்' என்பது. மற்றொன்று 'அன்று' என்பது. மூன்றாவதில் எழுத்தே இராது. வெற்றுச் சீட்டு வந்தால், காலம் இன்னும் கனியவில்லை அல்லது கேள்வியே சரியாக அமையவில்லை என்று கொண்டு காத்திருப்பார்கள். இம்மூன்றாவது சீட்டை நான் மிகவும் மதிக்கிறேன். விடை உடனே வந்தாக வேண்டும் என்று ஆண்டவனைக் கட்டாயப்படுத்தாத பணிவு அதில் இருக்கிறது. நம் கேள்வியே தவறாக இருக்கலாம் என்ற ஒப்புதலும் அதில் இருக்கிறது.

1731ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் சென்ற ஸின்ஸென்டார்ப் பிரபு, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த அந்தோணி என்னும் அடிமையைச் சந்தித்தார். செயின்ட் தாமஸ் தீவில் கரும்புத் தோட்டங்களில் வதைபடும் தம் மக்களின் துயரத்தை அந்தோணி எடுத்துரைத்தார். அச்செய்தி ஹெர்ன்ஹூட்டை எட்டியதும், லேனர்டு டோபர் என்ற இளங்குயவர் அத்தீவுக்குச் செல்ல விரும்பினார். சபையாரோ உடனே அனுப்பிவிடவில்லை, ஓராண்டு தாமதித்தார்கள். இறுதியில் சீட்டெடுக்கச் செய்தபோது, அவ்விளைஞன் போகலாம், ஆண்டவர் துணையிருப்பார் என்ற கருத்துள்ள சீட்டு அவர் கைக்கு வந்தது. 1732ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவரும் டேவிட் நிட்ஷ்மான் என்னும் தச்சரும் ஊரைவிட்டுப் புறப்பட்டு, டிசம்பரில் தீவை அடைந்தனர். அவர்கள் தம்மையே அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள் என்றொரு கதை உண்டு, அது உண்மையன்று. தேவையாயின் அடிமைகளோடு அடிமைகளாக உழைக்கவும் ஆயத்தமாயிருந்தார்கள் என்பதே உண்மை.

அச்சீட்டு ஒரு குயவரின் நெஞ்சுக்கு உறுதி தந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் வரலாறு நம் கண்முன் வைக்கும் மற்றொரு செய்தியையும் மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்குள் அதே தீவில் மொரேவிய ஊழியர்கள் தங்கள் பணிக்கென ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். அத்தோட்டத்தில் உழைத்தவர்களும் அடிமைகளே. 1739ஆம் ஆண்டு அங்கு வந்த ஸின்ஸென்டார்ப், அடிமைகள் தம் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிந்திருக்க வேண்டுமென்றே போதித்தார். யார் போவது, எப்போது போவது என்பதையெல்லாம் இவ்வளவு கவலையோடு ஆண்டவனிடம் கேட்ட நல்லவர்களுக்கு, மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாமா என்ற கேள்வி நெஞ்சில் உறுத்தாமற் போயிற்று. வழிகாட்டுதலைத் தேடுவோர்க்கு இதனினும் பெரிய எச்சரிக்கை வேண்டுவதில்லை. பெறும் விடையைப் போலவே கேட்கும் கேள்வியும் முக்கியமானது.

இச்சகோதரர்களின் வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. தரங்கம்பாடி அப்போது டேனியர் வசம் இருந்தது. நிக்கோபார் தீவுகளில் பணி செய்யும் நோக்கத்தோடு மொரேவியர் குழு ஒன்று 1760ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கியது. ஊருக்கு அருகில் அவர்கள் அமைத்த குடியிருப்பு 'சகோதரர் தோட்டம்' எனப்பட்டது. 1768இல் நிக்கோபாரில் பணி தொடங்கிற்று. கொடிய காய்ச்சல் அவர்களை ஒருவர்பின் ஒருவராக மாய்த்தது. 1787இல் அப்பணி கைவிடப்பட்டது. திருவுளம் என்று நம்பிச் சென்ற வழியெல்லாம் வெற்றியில் முடியும் என்பதற்கு வரலாற்றில் உறுதி கிடையாது. வெற்றி பெற்றதால் ஒரு முடிவு தெய்வ சித்தமென்றோ, தோற்றதால் அது தெய்வ சித்தமன்றென்றோ எளிதிற் சொல்லிவிட முடியாது.

மொரேவியர் திருமணத்திற்கும் சீட்டை நாடினார்கள். இன்னாருக்கு இன்னார் பொருந்துவரா என்று பெரியோர் சீட்டெடுப்பர். 'அன்று' என வந்தால் அப்பேச்சு அத்தோடு நின்றுவிடும். தலைமுறைகள் செல்லச் செல்ல இளையோருக்கு இம்முறை சுமையாகத் தோன்றியது. 1818ஆம் ஆண்டு கூடிய பொதுச் சங்கம், சாதாரண உறுப்பினர்களின் திருமணத்திற்குச் சீட்டுக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டது. 1889ஆம் ஆண்டுச் சங்கம் சீட்டு முறையையே சபை ஆட்சியிலிருந்து நீக்கிவிட்டது. ஆண்டவனிடம் கொண்ட நம்பிக்கை குறைந்ததனால் இம்மாற்றம் நேர்ந்ததென்று நான் கருதவில்லை. ஆண்டவன் தந்த அறிவையும் அன்பையும் பயன்படுத்துவதும் அவனைக் கேட்பதன் ஒரு பகுதியே என்பதை அவர்கள் மெல்ல மெல்ல உணர்ந்தார்கள் என்றே கருதுகிறேன்.

இவ்வுணர்வு ஒரே மனிதருடைய வாழ்விலும் வளர்ந்ததைக் காண வேண்டுமானால் ஜான் வெஸ்லியைப் பார்க்க வேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தையாகிய அவர், 1736ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். கடும்புயலில் ஆங்கிலேயர் அலறிய வேளையில், உடன் பயணம் செய்த மொரேவியர் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தனர். அக்காட்சி அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. ஜார்ஜியாவில் அவர் ஸோபி ஹாப்கி என்ற பெண்ணை விரும்பினார். மணம் செய்துகொள்வதா, வேண்டாமா என்று மாதக்கணக்கில் தடுமாறினார். 1737ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், அவரும் நண்பர் ஒருவரும் மூன்று சீட்டுகள் எழுதினார்கள். மணம் செய்துகொள் என்பது ஒன்று. இவ்வாண்டு அதைப் பற்றி நினையாதே என்பது மற்றொன்று. இனி ஒருபோதும் நினையாதே என்பது மூன்றாவது. வந்தது மூன்றாவது சீட்டு. எட்டு நாள் கழித்து அப்பெண் வேறொருவரை மணந்தாள்.

சீட்டு சொன்னதை வெஸ்லி ஏற்றுக்கொண்டாரே தவிர, அவர் மனம் அடங்கவில்லை என்றே பின்னிகழ்ச்சிகள் காட்டுகின்றன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அப்பெண்ணுக்குத் திருவிருந்து அளிக்க மறுத்தார். வழக்குத் தொடரப்பட்டது, ஊர் இரண்டுபட்டது. டிசம்பரில் ஜார்ஜியாவை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. கையிலுள்ள சீட்டு ஒரு முடிவைச் சொல்லிவிடலாம்; நெஞ்சில் ஓடும் விருப்பு வெறுப்புகளை அச்சீட்டு தூய்மை செய்துவிடாது.

நியாயத்தின் பொருட்டு மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1739ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிரிஸ்டல் நகருக்கு வந்து பிரசங்கம் செய்யுமாறு வெஸ்லிக்கு அழைப்பு வந்தது. தம்பி சார்லஸ் வெஸ்லி தடுத்தார். நண்பர் சங்கத்தில் கருத்து ஒன்றுபடவில்லை. சீட்டுப் போட்டார்கள், போகலாம் என வந்தது. ஏப்ரல் 2ஆம் நாள் அவர் முதன்முறையாகத் திறந்த வெளியில் ஏறத்தாழ மூவாயிரம் பேருக்குப் பிரசங்கித்தார். அங்கிருந்து பரந்த இயக்கம் இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளரிடையே பெருமாறுதலை உண்டாக்கியது.

ஒரே மனிதர், ஒரே முறை. ஒன்றில் கசப்பு, ஒன்றில் கனி. முதிர்ந்த வெஸ்லி இதைப் பற்றி என்ன நினைத்தார்? 1750ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு பிரசங்கத்தில் அவர் இக்கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறார். கனவுகளையும் தரிசனங்களையும் திடீர் உந்துதல்களையும் எதிர்நோக்கி நிற்க வேண்டாம் என்கிறார். நாம் நல்லவராதலும் நன்மை செய்தலுமே ஆண்டவன் சித்தம் என்பது திருமறையில் தெளிவாக உள்ளது. எந்த நிலையில் நாம் மிகவும் நல்லவராக இருக்கக் கூடும், மிகுதியான நன்மை செய்யக் கூடும் என்பதை அனுபவமும் அறிவும் கொண்டு ஆராய வேண்டும். ஆவியின் துணை அந்த ஆராய்ச்சியினூடேயே வந்து சேரும் என்பது அவர் கூறியதன் சாரம். சீட்டெடுத்த கை எழுதிய சொற்கள் இவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இப்போது அட்லாண்டிக் கடலின் மறுகரைக்கு, குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரிடம் செல்வோம். இவர்கள் சீட்டும் எடுப்பதில்லை. கூட்டங்களில் வாக்கெடுப்பும் நடத்துவதில்லை. மௌனமாக அமர்ந்து, உள்ளொளிக்குக் காத்திருந்து, ஒருமனப்படும்வரை பொறுத்திருப்பது இவர்கள் வழக்கம். நியூ ஜெர்சியில் 1720இல் பிறந்த ஜான் உல்மன் இவர்களுள் ஒருவர். இளமையில் மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் வேலை பார்த்தார். கடை முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரத்தை எழுதுமாறு உல்மனுக்குச் சொன்னார். வாங்குபவர் பக்கத்திலேயே காத்திருந்தார், அவரும் குவேக்கரே, முதியவர். உல்மனின் மனம் தத்தளித்தது. ஆயினும் ஆண்டு முழுமைக்கும் சம்பளம் பேசிய முதலாளியின் கட்டளை என்று எண்ணிப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். எழுதுகையிலேயே, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ சமயத்துக்குப் பொருந்தாதென்று தாம் கருதுவதாக இருவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

அந்த உறுத்தலே உல்மனுக்கு வழிகாட்டியாயிற்று. அடுத்து வேறொருவர் இத்தகைய பத்திரம் எழுதித் தரக் கேட்டபோது மறுத்துவிட்டார். அடிமைகளைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் உயில்களையும் எழுத மறுத்தார். வியாபாரம் பெருகி மனத்தை அடைத்துக்கொள்வதைக் கண்டு, கடையைக் குறைத்துத் தையல் தொழிலோடு அமைந்தார். அடிமைகள் வைத்திருந்த குவேக்கரின் வீடுகளுக்கு நடந்து சென்று, கோபமின்றி, விடாமல் பேசினார். 1758ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களைச் சந்தித்து விடுதலை செய்யத் தூண்டுவதற்கென ஒரு குழுவை அமைத்தது. உல்மனும் அதில் ஒருவர். அவர் 1772இல் இங்கிலாந்தில் அம்மையினால் இறந்தார். 1776ஆம் ஆண்டு அக்கூட்டம், அடிமை வைத்திருப்போர் சங்கத்தில் இருக்கலாகாது என்று முடிவு செய்தது. அமெரிக்க நாடு அடிமை முறையைச் சட்டத்தால் ஒழிக்க 1865ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தையற்காரரின் மனச்சாட்சி நாட்டின் சட்டத்தைவிட ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் முன்னே நடந்தது.

ஹெர்ன்ஹூட்டின் நல்லவர்களையும் உல்மனையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இரு சாராரும் ஆண்டவனிடமே வழி கேட்டார்கள். ஒரு சாரார் எங்கே போவது என்று கேட்டார்கள். உல்மனோ தம் கை இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை சரியானதா என்று கேட்டார். முதல் கேள்வி தைரியம் தந்தது. இரண்டாவது கேள்வி கண்ணைத் திறந்தது.

இறுதியாக நம் காலத்துக்கு நெருங்கிய ஒரு நிகழ்ச்சி. ஹெர்ன்ஹூட்டில் 1728ஆம் ஆண்டு மற்றொரு வழக்கமும் தோன்றியது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திருமறை வசனத்தைக் குறித்து, வீடு வீடாகச் சொல்லி வந்தார்கள். 1731 முதல் அவை ஆண்டுதோறும் நூலாக அச்சிடப்படுகின்றன. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் ஹெர்ன்ஹூட்டில் குலுக்கல் முறையிலேயே எடுக்கிறார்கள். சபை ஆட்சியிலிருந்து நீங்கிய சீட்டு இவ்வடிவில் தங்கிவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவரும் அந்நூலை நாள்தோறும் படித்தவர்களுள் ஒருவர், ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர்.

ஹிட்லரின் ஆட்சியை முதலிலிருந்தே எதிர்த்த போன்ஹோஃபர், 1939ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் நியூயார்க் நகரை அடைந்தார். அமெரிக்க நண்பர்கள் அவரைக் காப்பாற்ற எண்ணி அங்கே வேலை ஏற்பாடு செய்திருந்தார்கள். போர் வரப்போவது தெரிந்தது, ஜெர்மனியில் இருந்தால் கட்டாய இராணுவ சேவை, மறுத்தால் மரணம். தங்குவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால் அவருக்கு அமைதியில்லை. தம் நாட்டுச் சகோதரர்களையே நினைத்துக்கொண்டிருந்தார். ஜூன் 20ஆம் நாள், தாம் தங்கப்போவதில்லை என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டார். தம் முடிவின் உண்மையான காரணங்கள் தமக்கே முழுதும் விளங்கவில்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். தம்மைவிட ஆழமாகத் தம்மை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்கு ஆறுதலாயிருந்தது.

ஆறு நாள் கழித்து, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைத் தற்செயலாகப் படித்தார். குளிர்காலத்துக்கு முன் வந்து சேர முயற்சி செய் என்ற கருத்துள்ள வசனம் அவர் கண்ணிற்பட்டது. அன்று முழுதும் அது அவர் நெஞ்சில் ஒலித்துக்கொண்டிருந்தது. அது தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வது தவறாகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வசனம் வந்து அவர் முடிவு செய்யவில்லை. முடிவு செய்த பின்னரே வசனம் வந்து அவரைத் தேற்றியது. ஜூலை மாதத் தொடக்கத்தில் கப்பலேறினார். தம் மக்களின் சோதனையில் பங்கு கொள்ளாவிட்டால், போருக்குப் பின் அவர்களுடைய வாழ்வைத் திரும்பக் கட்டுவதில் பங்கு கொள்ளத் தமக்கு உரிமை இராது என்பதே அவர் சொன்ன காரணம். ஹிட்லரை வீழ்த்த முயன்றோருடன் சேர்ந்தார். 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் பிளாஸன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஒரு மாதத்திற்குள் ஜெர்மனி சரணடைந்தது. அவருக்கு வயது 39.

குயவர், பிரசங்கியார், தையற்காரர், இறையியலாளர் என நால்வரைக் கண்டோம். இவர்களுள் ஒருவருக்கும் ஆண்டவன் முடிவெடுக்கும் பாரத்தை இறக்கிவைக்கவில்லை. சீட்டு 'போ' என்று சொன்ன பிறகும், கடலைக் கடக்க வேண்டியவர் டோபரே. சீட்டு 'நினையாதே' என்று சொன்ன பிறகும், தம் மனத்தோடு போராட வேண்டியவர் வெஸ்லியே. வழிகாட்டுதல் என்பது பொறுப்பிலிருந்து தப்பும் வழியன்று. பொறுப்பைச் சுமக்கும் வலிமை அது.

மாணவர்களே! உங்களுக்கும் முடிவெடுக்கும் நாள் வரும். பிரார்த்தனை செய்பவர்கள் பிரார்த்தனை செய்யுங்கள். எனினும், எந்த வழி எனக்கு நன்மை தரும் என்று கேட்குமுன், நான் இப்போது செய்வதால் யாருக்கேனும் தீமை நேர்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு விடை வர நாளாகலாம். வெற்றுச் சீட்டே கையில் வரலாம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல மனச்சாட்சி எப்போதும் காத்திருக்கிறது. அதற்குச் சீட்டெடுக்க வேண்டுவதில்லை.